காலர் நத்தை

ஞாயிற்றுக்கிழமை துணி பிரிப்பது சின்னவளின் வேலை. துவைப்பது மெஷின், கொடியில் போட்டு எடுத்து வருவது அவள் வீட்டுக்காரர், மடிப்பது அந்த நேரத்தில் யார் கை சும்மா இருக்கிறதோ அவர்கள். பிரிப்பது மட்டும் பதினேழு வருஷமாக அவளுடையது. மாடியில் கணவரின் அண்ணன் குடும்பம், கீழே இவர்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வாஷிங் மெஷின். கட்டில்மேல் குவிந்து கிடக்கும் துணியில் ஒவ்வொன்றாக எடுத்துக் காலரைத் திருப்பிப் பார்ப்பாள். நத்தை இருந்தால் மாடி. இல்லையென்றால் கீழ். துண்டும் தலையணை உறையும் என்றால் மூலையில் பார்க்க வேண்டும்.

நத்தை, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. ஓட்டின் நடுவில் தொடங்கி, இரண்டரைச் சுற்று சுற்றி வெளியே வந்து, வாலைத் தொட்டுத் திரும்பி, அடிவயிற்றோடு ஓடி, இரண்டு கொம்பில் போய் முடியும் ஒரே கோடு. பேனாவை எடுக்காமல் போட்டது. போட்டவள் அவளுடைய ஓரகத்தி, அந்த வீட்டின் பெரியவள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். கண்ணாடித் தகட்டில் எண் எழுதுவதற்கென்று அங்கே ஒரு பேனா உண்டு. அதில் எழுதியது எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

அந்தப் பேனா வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு வெள்ளைச் சட்டை. பெரியவளின் கணவர் ஓட்டலில் வரவேற்பு மேசையில் இருப்பவர்; வெள்ளைச் சட்டை இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. சின்னவளின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் காலை அவசரத்தில் அண்ணனின் சட்டையை மாட்டிக்கொண்டு போய் லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டார். திரும்பி வந்தபோது அது மெஷின் துடைக்கிற துணியாகியிருந்தது.

"மாட்டும்போது கண்ணாடி பாக்க மாட்டீங்களா தம்பி?" என்றாள் பெரியவள்.

"குழிக்குள்ள போறவனுக்குக் கண்ணாடி எதுக்கு அண்ணி?"

அவர் சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மூன்று நாள் மாடிக்கும் கீழுக்கும் பேச்சில்லை. நான்காம் நாள் பெரியவள் பேனாவோடு இறங்கி வந்து, கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, தன் வீட்டுத் துணி நாற்பதிலும் நத்தை போட்டாள். ஏன் நத்தை என்று கேட்டதற்கு, "கை அதைத்தான் போடுது" என்றாள்.

"எங்களுக்கு என்னக்கா போடப் போறீங்க?" என்று சின்னவள் கேட்டாள்.

"உங்களுக்கு எதுக்கு? நத்தை இல்லாததெல்லாம் உங்களுது."

அதுவும் சரிதான். ஒரு பக்கம் குறி இருந்தால் போதும், பிரித்துவிடலாம். ஆனாலும் அந்தப் பதில் சின்னவளுக்கு எங்கேயோ உறுத்தியது. உறுத்தியதைச் சொல்ல முடியாது. சொன்னால் சின்னப்புத்தியாகத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காலரைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினாள்.

வெளியே அவளுக்கு வேறு பெயர். அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் நத்தையக்கா. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், போட்டோ ஸ்டுடியோவுக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்த அச்சகம். முன்னால் முதலாளியின் மேசை, பின்னால் மெஷின், நடுவில் கண்ணாடித் தடுப்புக்குள் அவள். பக்கம் கட்டுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பிறர் எழுதியதை, பிறர் எடுத்த படத்தை, பிறர் கேட்ட அளவில் அடுக்கித் தருகிறாள். கோடு நூல் பிடித்தாற்போல இருக்கும். ஒரு எழுத்து அரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் வெறும் தாளைக் கொடுத்து ஒரு பூ போடு என்றால் கை ஓடாது. இது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு வரையத் தெரியும் என்று மற்றவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

வாடிக்கையாளர் கொண்டு வருகிற கோப்பில் எப்போதும் ஏதாவது வில்லங்கம் இருக்கும். எழுத்துரு சேர்ந்து வந்திருக்காது, படம் மங்கலாக இருக்கும், வெட்டுக்கு விளிம்பு விட்டிருக்க மாட்டார்கள். மெஷினில் ஏறிய பிறகு தெரிந்தால் ஐயாயிரம் பிரதி குப்பைக்குப் போகும். ஏறுவதற்கு முன்னால் இவற்றையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்ல அவளிடம் ஒரு மென்பொருள் இருந்தது. கட்டற்ற மென்பொருள்: யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். ஒரே குறை, படு நிதானம். ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் ஒரு தப்பையும் விடாது.

அதை எழுதியவர் வேறு ஊரில் இருக்கிறார். அவள் நேரில் பார்த்ததில்லை. மென்பொருளில் ஏதாவது கோளாறு கண்டால் அவருக்கு எழுதுவாள். முதல் மூன்று வருஷத்திலேயே அறுபது கோளாறு எழுதியிருந்தாள். அவர் அவளை அக்கா என்பார். வீட்டில் அவரைப் பற்றிச் சொல்லும்போது அவள் நிரல்காரர் என்பாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நிரல்காரர் எழுதினார்: "மென்பொருளுக்கு ஒரு லோகோ வேணும்க்கா. நீங்க டிசைனர்தானே, ஒண்ணு போட்டுக் குடுங்களேன்." டிசைனர் இல்லை என்று எழுத உட்கார்ந்தாள். நத்தையக்கா ஆவதற்கு முந்தைய காலம் அது. அச்சகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. யாரும் அவளை டிசைனர் என்று கூப்பிட்டதும் கிடையாது. எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சட்டையின் காலரைத் திருப்பினாள். நத்தை. நிதானம், எதையும் விடாமல் ஊர்ந்து பார்ப்பது, எல்லாம் பொருந்தியது. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை மதியம் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மேலேயே ஒற்றி எடுத்தாள். துணியில் பரவிய மையைச் சீராக்கினாள், கோட்டின் தடிமனைச் சமமாக்கினாள், கொம்பின் நுனியை உருட்டினாள். ஒரு மணி நேர வேலை. "இது சரிவருமா?" என்று அனுப்பினாள். இது என்னுடையதில்லை என்று அடுத்த வரியில் எழுதலாம் என்றிருந்தாள். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"அக்கா, பிரமாதம்! எப்படித் தோணிச்சு உங்களுக்கு?"

"சும்மா தோணிச்சு" என்று எழுதினாள். பொய் என்றால் அந்த இரண்டு வார்த்தைதான்.

படத்தை ஏற்றும் பக்கத்தில் உரிமம் கேட்டது. மற்றவர்கள் இதைப் பயன்படுத்தலாமா? ஆம். மாற்றலாமா? இங்கே அவள் யோசிக்கவே இல்லை. அச்சகத்தில் எந்தக் கம்பெனியின் லோகோ வந்தாலும் கூடவே ஒரு தாள் வரும்: நீட்டாதே, சாய்க்காதே, நிறத்தைத் தொடாதே. ஒருமுறை மெஷின்காரர் சிவப்பைக் கொஞ்சம் தூக்கலாக அச்சடித்ததற்கு மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. லோகோ என்றால் மாற்றக்கூடாது, அது மரியாதை. 'மாற்றக்கூடாது' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

பிறகு நத்தை தன் வழியில் போயிற்று. மென்பொருளைத் திறந்தால் நத்தை. ஸ்டிக்கரில் நத்தை. 'உதவியவர்கள்' பக்கத்தில், சின்னம் என்று போட்டு அவள் பெயர். மெஷின்காரர்தான் முதலில் நத்தையக்கா என்றார். முதலாளி வாடிக்கையாளர்களிடம், "இவங்கதான் அந்த நத்தையை வரைஞ்சவங்க" என்று ஆரம்பித்தார். ஒருமுறை நிரல்காரர் நத்தை அச்சடித்த பீங்கான் குவளை அனுப்பிவைத்தார். அதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அச்சக மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்து, அங்கேயே அதில் டீ குடித்து, அங்கேயே கழுவி வைத்தாள்.

இன்னொரு சமயம் யாரோ ஒரு விலங்கியல்காரர், மென்பொருளைப் பயன்படுத்துவோர் குழுவின் மடலில் எழுதினார்: பெரும்பாலான நத்தைகளுக்கு ஓடு வலப்பக்கமாகத்தான் சுழலும், இது இடப்பக்கமாகச் சுழல்கிறதே, தவறா? பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில், வரைந்தவரையே கேட்போம் என்றார்கள். அவள் பதில் எழுதினாள்: "வேண்டுமென்றே அப்படிப் போட்டது. மற்றவர்கள் விட்டதை இது பார்க்கும் என்பதற்காக." எல்லோரும் பாராட்டினார்கள். பெரியவளுக்கு இடதுகைப் பழக்கம் என்பது அவளுக்கு அன்றைக்கும் தெரியும்.

இந்த மாதம் நிரல்காரர் போன் பண்ணினார்.

"அக்கா, ஒரு கையெழுத்து வேணும். நம்ம மென்பொருளை ஒரு அறக்கட்டளை ஏத்துக்குது. அப்புறம், கட்டற்ற மென்பொருளையெல்லாம் திரட்டி வெளியிடற ஒரு குழு நம்மளையும் சேத்துக்கறேன்னு சொல்லுது. ஆனா நத்தையால நிக்குது."

"நத்தை என்ன பண்ணிச்சு?"

"அது ஒண்ணும் பண்ணல. நீங்க போட்ட டிக்கு. மாத்தக்கூடாதுன்னு சொன்னா அது கட்டற்றது ஆகாதுக்கா. மென்பொருளைத் திறந்து திருத்தலாம், ஆனா உள்ள இருக்கிற படத்தைத் தொடக்கூடாதுன்னா, அந்தக் குழு சேக்காது. போன வருஷம் ஒரு டீச்சர் பயிற்சி வகுப்புக்கு நத்தைக்குத் தொப்பி வச்சு போஸ்டர் போடட்டுமான்னு கேட்டாங்க. நான் முடியாதுன்னுதான் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"கண்டவனும் எடுத்துக் கண்டபடி பண்ணக்கூடாதேன்னுதான் போட்டேன்."

"பண்ணினானே! ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் நம்ம மென்பொருள்ல விளம்பரத்தைத் திணிச்சு, நத்தையையும் போட்டு, இதுதான் அசல்னு விட்டானே. உங்க டிக்கு அவனைத் தடுக்கலையே. அவன் மாத்தவே இல்லை. நத்தையை அச்சு அசலா அப்படியே போட்டான்."

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் அவர் விளக்கினார். பதிப்புரிமை ஒன்று, வணிகச்சின்னம் வேறொன்று. பதிப்புரிமை, படத்தை வரைந்தவருடையது. அதைத் திறந்துவிடலாம், யாரும் நகலெடுக்கட்டும், மாற்றட்டும். வணிகச்சின்னம், இந்தச் சரக்கு இன்னாரிடமிருந்து வந்தது என்று காட்டும் அடையாளம். அது அறக்கட்டளையிடம் இருக்கும். திணித்தவன் மாதிரி ஒருத்தன் தன் சரக்கை நம்முடையது என்று காட்டினால் அவர்கள் கேட்பார்கள். ஒன்றைத் திறக்க வேண்டும், மற்றதைக் காக்க வேண்டும். அவள் ஒரே டிக்கில் இரண்டையும் செய்யப் பார்த்து இரண்டிலும் கோட்டை விட்டிருந்தாள்.

"இவ்வளவுதானே, அனுப்புங்க, போட்டுடறேன்" என்றாள். "போடாட்டி?"

"மாசக் கடைசியில அடுத்த பதிப்பு. அதுல நத்தையை எடுத்துட்டு ஒரு கட்டத்துக்குள்ள ஒரு எழுத்தைப் போட்டுடுவாங்க. ஆனா அதுக்கு அவசியம் வராதுக்கா, நீங்கதான் இருக்கீங்களே."

படிவம் வந்தது. அச்சடித்து எடுத்தாள். எதற்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னும் முழுக்கப் படிப்பது அவள் தொழில் புத்தி; வாடிக்கையாளர் புரூஃபில் கையெழுத்துப் போடாமல் ஒரு தாளும் மெஷினுக்குப் போக விடமாட்டாள். முதல் வரி: 'இப்படத்தை நானே வரைந்தேன். இது வேறு எவருடைய படத்திலிருந்தும் எடுக்கப்பட்டதன்று.'

அதற்குக் கீழே படிக்கவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். லிஃப்ட் சாவிக்கொத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணி போட்ட நத்தையா? அந்தக் காலர் நத்தையா?"

"ஆமா."

"பன்னெண்டு வருஷமா உன்னை நத்தையக்காங்கறாங்க. நான் நீ மெதுவா நடக்கறதுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் சிரித்தார். "போட்டுக் குடுத்துட்டுப் போயேன். நத்தை வந்து சாட்சி சொல்லப் போகுதா?"

"நாளைக்கு அக்கா எங்கயாவது பாத்து, இது என்னுதுன்னு சொன்னா? அப்ப நான் மட்டும் இல்ல, நிரல்காரர், அறக்கட்டளை, அந்தக் குழு எல்லாரும் மாட்டுவாங்க. கையெழுத்து என்னுது."

"அண்ணி எங்க பாக்கப் போறாங்க?"

"லேப்ல கம்ப்யூட்டர் இல்லையா?"

அவர் சாவிகளை எண்ணத் தொடங்கினார்.

இன்னொரு வழி இருந்தது. தானே புதிதாக ஒரு நத்தை வரைந்துவிட்டால் கையெழுத்து சுத்தம். மூன்று நாள் மதிய இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தாள். வலப்பக்கச் சுழியாகப் போட்டுப் பார்த்தாள். ஓடு தனியாகவும் நத்தை தனியாகவும் வந்தது. கொம்பு வைத்தால் மாடாயிற்று. ஒரே கோட்டில் இழுத்தால் பாதியில் கை நின்றது. மூன்றாம் நாள் கதவைத் தட்டாமல் வந்த மெஷின்காரர் தாளை எட்டிப் பார்த்தார்.

"காது டாக்டருக்கு விசிட்டிங் கார்டா யக்கா?"

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு. மடல் மட்டும் கொஞ்சம் தொங்குது."

தாளைக் கசக்கிப் போட்டாள். சனிக்கிழமை காலை நிரல்காரரைக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "அந்தப் படம் நான் வரையல. எங்க ஓரகத்தி வரைஞ்சது. துணிக்குப் போட்ட குறி. நான் ஒற்றி எடுத்தேன்."

நிரல்காரர் முதலில் ஒன்றைத்தான் கேட்டார்.

"அப்ப அந்த இடஞ்சுழி?"

"அவங்க இடதுகை."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவரும் சிரிக்கத்தான் செய்தார், ஆனால் பழைய சிரிப்பு இல்லை. "சரிக்கா" என்றார். "கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. யார் வரைஞ்சாங்களோ அவங்க கையெழுத்துதான் வேணும். நீங்க ஒற்றினதுக்கு உங்களுது தனியா ஒண்ணு. அவங்க மாட்டேன்னுட்டா நத்தை இல்லை, அவ்வளவுதான். பேரையும் மாத்திடறேன். உங்களுதை என்னன்னு போட? கணினியில் ஏற்றியவர்னு போடட்டுமா?"

"போடுங்க" என்றாள். அன்று மதியமே வரைந்தவருக்கென்று இரண்டு தாளில் புதுப் படிவம் வந்தது, ஒன்று பதிப்புரிமைக்கு, மற்றது வணிகச்சின்னத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை குவளையைக் கைப்பையிலிருந்து எடுத்து, துணிக்குவியல் பக்கத்தில் வைத்தாள். காலர்களைத் திருப்பத் தொடங்கினாள். கணவர் கொடியிலிருந்து கடைசி ஈடு துணியைக் கொண்டுவந்து போட்டவர், குவளையைப் பார்த்துவிட்டு, கடைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். வீட்டில் எந்தச் சாமானும் தீர்ந்திருக்கவில்லை.

பெரியவள் தன் பங்குத் துணியை எடுத்துப் போக இறங்கி வந்தாள். தலைமுடியில் இன்னும் ஈரம். குவளையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது நம்ம நத்தை இல்ல?"

"உங்க நத்தைக்கா" என்றாள் சின்னவள். சொல்லத் தொடங்கியவள் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள்: செல்போன் படம், ஒற்றி எடுத்தது, சும்மா தோணிச்சு, இடஞ்சுழிக்குக் கொடுத்த விளக்கம், இழுப்பறை. சொல்லும்போது கை துணியைப் பிரித்துக்கொண்டே இருந்தது.

பெரியவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஆக, பன்னெண்டு வருஷமா என் நத்தை ஊர் மேயுது. எனக்குத் தெரியாது."

"தெரியாதுக்கா."

"எத்தனை பேர் பாத்திருப்பாங்க?"

"லட்சம் பேருக்கு மேல இருக்கும்."

"லட்சம் பேர்!" குவளையைத் திருப்பினாள். "நான் அதை ஜட்டியில போட்டுக்கிட்டிருக்கேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. முதலில் நிறுத்தியது பெரியவள்.

"இப்ப என்ன வேணும்ங்கறாங்க?"

சின்னவள் படிவத்தைக் கொடுத்தாள். பெரியவள் முழுக்கப் படித்தாள். அவளுக்கும் தொழில் புத்தி உண்டு; பெயர் மாறினால் அடுத்தவன் ரத்தத்துக்கு மருந்து தின்ன வேண்டியதாகிவிடும். பாதியில் விரலை வைத்தாள்.

"மாற்றலாம்னு போட்டிருக்கே. அதெல்லாம் முடியாது. குடுக்கறது குடுக்கறேன், யாரும் மாத்தக்கூடாதுன்னு எழுதிக்கச் சொல்லு."

"நானும் அதைத்தான்க்கா எழுதினேன். அதுலதான் சிக்கல்."

"ஏன்? என் படம்தானே?"

சின்னவள் குவியலிலிருந்து ஒரு பழைய தலையணை உறையை உருவினாள். மாடி வீட்டு உறை. மூலையில் நத்தை, நத்தை தலையில் நீல மையில் ஒரு தொப்பி; பெரியவளின் மகள் நாலு வயசில் போட்டது. "இதைப் பாத்து நீங்க என்ன பண்ணீங்க? சிரிச்சீங்க. எடுத்து வச்சிருக்கீங்க. ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க அவங்க துண்டுல நத்தையைப் போட்டு நம்ம கொடியிலேர்ந்து எங்களுதுன்னு உருவிட்டுப் போனா?"

"கையை ஒடிப்பேன்."

"அதுக்குத்தான் ரெண்டாவது தாள். துண்டு உருவறவனை அறக்கட்டளை பாத்துக்கும். தொப்பி போடறவங்க போட்டுட்டுப் போகட்டும். ரெண்டும் வேற வேற சட்டமாம்."

பெரியவள் யோசித்தாள். "அதாவது, தொப்பி போடலாம், துண்டு தூக்கக்கூடாது."

நிரல்காரர் அரை மணி நேரம் விளக்கியதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். சின்னவளுக்கு அது கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

"நான் போடாட்டி?"

"நத்தையை எடுத்துருவாங்க. மாசக் கடைசிக்குள்ள."

"உனக்கு என்ன ஆகும்?"

"எனக்கு என்ன? அச்சகத்துல பேரு மாறும்." சொல்லிவிட்டு ஒரு சட்டைக் காலரைத் திருப்பினாள். இல்லை. கீழ். "போட்டாலும் மாறும்க்கா. வரைந்தவர்னு உங்க பேருதான் வரும். என்னுது கணினியில் ஏற்றியவர்னு அடியில."

"ஏற்றியவரா? மூட்டையா ஏத்தினே?"

பெரியவள் எழுந்து போய் மேசையிலிருந்து பேனா எடுத்து வந்தாள். படிவத்தை மடித்த துணியின்மேல் வைத்தாள், தாள் அமுங்கியது, எடுத்துப்போய் மேசையிலேயே வைத்துக்கொண்டாள். இடதுகையால், மணிக்கட்டை வளைத்து, மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். தேதியும் எழுதினாள். இரண்டாவது தாளிலும் போட்டாள்.

"இந்தா. இனிமே எவன் வேணும்னாலும் தொப்பி போடட்டும்."

"ரொம்ப தேங்க்ஸ்க்கா."

"அதை விடு." பெரியவள் பேனாவை மூடினாள். குரல் சண்டைக் குரல் இல்லை. லேபில் வந்தவரிடம் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "எனக்கு ஒண்ணு புரியல. அன்னிக்கே மாடிக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் குடுக்க மாட்டேனா? காகிதத்துல புதுசாவே போட்டுக் குடுத்திருப்பேன். அதை விடு, உன் தொழிலே அதுதானே. உனக்குன்னு ஒண்ணு போட்டுக்காம ஏன் என்னுதைப் போய் எடுத்தே?"

சின்னவள் கையில் வீட்டுக்காரரின் சட்டை இருந்தது. காலரைத் திருப்பினாள். ஒன்றும் இல்லை. அது யாருடையது என்று முன்பே தெரியும். இருந்தாலும் மறுபடியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை மடிக்கத் தொடங்கினாள், கை இரண்டும் உள்ளே, நடுவில் ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, ஓரம் ஓரத்தோடு சரியாக நிற்கும்படி.

பெரியவள் மடித்த சட்டையைப் பார்த்தாள். பிறகு தன் குவியலை இரண்டு கையாலும் அள்ளி, சரியாமல் இருக்க மோவாயால் அழுத்திக்கொண்டு, கதவை முழங்காலால் தள்ளித் திறந்து மாடிக்குப் போனாள்.